ரீலுக்கு நடுவே வெளிச்சம்

"ஒட்டிட்டேன் தம்பி. அஞ்சு ரீலையும் ஒரே சுருளா ஒட்டிட்டேன்" என்று அரங்கநாதன் சொன்னபோது அவர் முகத்தில் பெண்ணைப் பெற்றவரின் பூரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததால் ராஜவேலுவுக்கு உடனே கோபம் வரவில்லை. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த கல்யாண மண்டபம் அது. மணமேடையை மறைத்து வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். கூடத்தின் நடுவே மேசைமேல் பதினாறு எம்.எம். புரொஜெக்டர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளியே இன்னும் வெயில் இருந்ததால் ஜன்னல்களுக்கெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தார்கள். அரங்கநாதன் பேங்கில் வேலை பார்க்கிறவர். ஊரில் நல்ல படம் பார்க்க ஆசைப்படுகிற கொஞ்சம் பேரைச் சேர்த்துத் திரைக் கழகம் ஒன்று நடத்துகிறார். தான் எடுத்த படத்தின் சுருள்களை இரண்டு நாள் முன்பே பஸ் கண்டக்டர் மூலம் அவருக்கு அனுப்பிவைத்தது ராஜவேலுதான்.

"எதுக்கு சார் ஒட்டினீங்க?"

"இன்னா தம்பி இப்படிக் கேக்கறீங்க? பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ரீல் மாத்திக்கினு இருந்தா பாக்கறவனுக்கு மூட் போயிடும். இப்ப பாருங்க, தியேட்டர் மாதிரி கடகடன்னு ஓடும். ஒவ்வொரு ரீல் கடைசியிலயும் கறுப்பா நீளமா ஒண்ணு வருதே, அதெல்லாம்கூட வெட்டித் தூக்கிட்டேன்."

ராஜவேலு கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். அந்தக் கறுப்புதான் ரீல் முடிந்தது, கூடத்து விளக்கைப் போடு என்று சொல்லும் அடையாளம்.

"பிரிச்சிடலாமா சார்?"

"எங்க பிரிக்கறது? சின்னச் சுருள், ஒட்டற மிஷின் எல்லாம் வீட்டுல. அதோ, மெட்ராஸ்லேந்து அவரு வந்து உக்காந்துட்டாரு." அரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்குடுங்க. கடைசில வேணும்னா லைட்டப் போட்டுப் பேசலாம்."

மெட்ராஸ்காரர் பெயர் தேவநாதன். அங்கே நடக்கப்போகிற ஒரு வாரப் படவிழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருவர். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, தடித்த கண்ணாடி. கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு பஸ் மாறி திண்டிவனம் வந்து, ராஜவேலுவின் போட்டோ ஸ்டுடியோவைத் தேடிப்பிடித்து, படத்தின் சில துண்டுகளைச் சுவரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "முழுசாப் பாக்கணும்" என்று சொன்னவர். விழாவில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அது இந்தப் படத்துக்குக் கிடைத்தால், படம் அதை எடுத்த கெடார் கிராமத்தையும் திண்டிவனத்தையும் தாண்டிப் போகும். கிடைக்காவிட்டால் சுருள் ஸ்டுடியோ பீரோவில், கல்யாண நெகட்டிவ்களுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

ராஜவேலு நேராகத் தேவநாதனிடம் போனான்.

"சார், ஒரு விஷயம். ஒவ்வொரு ரீலுக்கு அப்பறமும் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவேன். ஜனங்க பேசுவாங்க. பேச்சு அடங்கினப்பறம்தான் அடுத்த ரீல். படமே அப்படித்தான் எடுத்திருக்கு."

தேவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழாவுல ஒரு நாளைக்கு அஞ்சு படம் போடறோம் தம்பி. நாலு தடவை விளக்கைப் போட்டு, நாலு தடவை கூட்டம் பேசி... முடியாது. நிறுத்தாம ஓடற படமாப் பாத்துத்தான் நான் சிபாரிசு பண்ண முடியும்."

"அப்ப நீங்க பாக்கறது என் படமா இருக்காது சார்."

சொல்லிவிட்டு நிமிர்ந்துதான் நின்றான். வெளியே நிமிர்ந்து நிற்பதில் அவனுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. உள்ளேதான் சிரமம். திண்டிவனத்திலிருந்து வரும் வழியெல்லாம், பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்கப்போகிற கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்தான். ஏன் வசனம் இல்லை? ஒலிப்பதிவுக்கு வசதி இல்லை. ஏன் எந்தக் காட்சியும் அரை நிமிஷத்தைத் தாண்டவில்லை? நண்பனிடம் கடன் வாங்கிய கேமரா சாவி கொடுத்து ஓடுகிறது, அதற்குமேல் ஓடாது. ஏன் நடிகர்கள் இல்லை? யாரும் வரமாட்டார்கள். விக்கிரவாண்டி தாண்டும்போது அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது: என்னால் முடியாததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்கை என்று பெயர் வைத்துவிட்டேனோ? இந்தச் சந்தேகத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்கினான்.

"இன்னா தம்பி, ஆரம்பிக்கலியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பவுனு. கெடாரிலிருந்து இன்னும் நாலைந்து பேரோடு பஸ்ஸில் வந்திருந்தாள். மடியில் வறுத்த மல்லாட்டை; அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். படத்தில் அண்ணன் பெண்டாட்டியாக வருகிறவள் அவள்தான். படத்தில் கட்டிய அதே ஊதாப் புடவையைத்தான் இன்றைக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ரீலை ஒட்டிட்டாங்க பவுனக்கா."

"ஒட்டினா இன்னா, கத்தரிக்கோல் இல்லியா?"

அரங்கநாதன் பதறினார். "அம்மா, அம்மா!"

கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. புரொஜெக்டரில் விளக்குக்கு ஒரு சுவிட்ச், மோட்டாருக்கு ஒரு சுவிட்ச். ஒட்டு வருகிற நொடியில் விளக்கை அணைத்துவிட்டால் திரை இருட்டாகிவிடும். பிறகு மோட்டாரை நிறுத்தி, ஓடிப்போன கொஞ்சம் படத்தைக் கையால் பின்னே சுற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒட்டு எங்கே வருகிறது என்று சொல்ல இப்போது கறுப்பு இல்லை. திரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண் சிமிட்டல் தாமதமானாலும் அடுத்த ரீலின் முதல் காட்சி எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும்.

மற்ற மூன்று இடத்தில் பட்டால் பரவாயில்லை. நாலாம் ரீலுக்கும் ஐந்தாம் ரீலுக்கும் நடுவில் படக்கூடாது. ஐந்தாம் ரீல் பவுனின் இடுப்புச் செருகலில்தான் தொடங்குகிறது. அதில் இருப்பது ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. கட்டையை எடுத்தது யார் என்று நாலாம் ரீல் எழுப்பும் கேள்விக்குப் பதில் அதுதான்.

"நானே ஓட்டறேன் சார்" என்று ராஜவேலு புரொஜெக்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

படத்தின் பெயர் 'முறைத் தண்ணி'. கெடார் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. மோட்டார் கொட்டகையில் மூன்று ஃபியூஸ் கட்டைகள். முறை முடிந்தவர் அந்த மூன்றையும் பிடுங்கி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அவர் மோட்டார் போட முடியாது; கொடுத்துவிட்டு இவரும் போட முடியாது. அந்தப் பக்கத்தில் பங்குக் கிணறு வைத்திருக்கிற எந்தக் குடும்பத்துக்கும் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கதவுக்குப் பூட்டு மாதிரி கிணற்றுக்கு அந்தக் கட்டை.

முதல் ரீல் சத்தமில்லாமல் ஓடியது. மல்லாட்டைக் கொல்லையில் தண்ணீர் பாய்கிறது. அண்ணன் கட்டைகளைப் பிடுங்குகிறான். துண்டால் துடைக்கிறான். தம்பி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிறான். தம்பி திரும்பி நடக்கிறான். ராஜவேலு விளக்கை அணைத்தான்.

இருட்டில் ஒருவர், "கரண்டு பூடுச்சா?" என்றார். அரங்கநாதன் வேண்டாவெறுப்பாக ட்யூப் லைட்டைப் போட்டார். மண்டபம் நிறையக் கண் கூசி உட்கார்ந்திருந்தவர்களில் வக்கீல் குமாஸ்தா, வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் இருமினார். இருமியதற்கு மன்னிப்புக் கேட்கிறவர் போல வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன தம்பி, பிலிம் அறுந்துடுச்சா?" என்று தேவநாதன் கேட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

ராஜவேலு திரை முன்னால் போய் நின்றான். "அறுந்துபோகலை. நான்தான் நிறுத்தினேன். நம்ம ஜனங்க டூரிங் கொட்டாய்ல எப்படிப் படம் பாக்கறாங்க? அங்க ஒரே மிஷின். ரீல் மாத்த விளக்கைப் போடுவான். அந்த நேரத்துல டீ குடிச்சிக்கினு, 'அவன் ஏன்டா அவளை விட்டுட்டுப் போனான்'னு சண்டை போட்டுக்குவாங்க. படம் எடுக்கறவங்க எல்லாம் அந்த விளக்கை எதிரியா நினைக்கறாங்க. ஜனங்களைத் தன்னை மறந்து உக்கார வைக்கணும்னு பாக்கறாங்க. எனக்கு மறந்துட்டு உக்காரறவங்க வேணாம். என் படத்துல வசனம் இல்லை. வசனம் எல்லாம் இந்த வெளிச்சத்துலதான் இருக்கு. அதை நீங்க பேசணும்."

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"வசனம் கிடையாது, இசை கிடையாது, நடிகர்கள் கிடையாது" என்றார் தேவநாதன் மெதுவாக. "இப்ப தொடர்ச்சியும் கிடையாது. அப்பறம் சினிமான்னு மிச்சம் என்னப்பா இருக்கு?"

"நீங்க இருக்கீங்களே சார். அந்தக் கட்டையைத் துடைச்சிக் குடுத்தானே, எதுக்குத் துடைச்சான்?"

தேவநாதன் புன்னகைத்தார். அடுத்த ரீலைப் போடச் சொல்லிக் கையால் சைகை செய்தார்.

இரண்டாம் ரீலில் அண்ணனின் முறை நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. சாயங்காலம் கரண்ட் வருகிறது. அவன் கட்டையைக் கொடுக்காமல் விடியும்வரை ஓட்டுகிறான். தம்பி வரப்பில் நின்று பார்க்கிறான். விளக்கு. போன கரண்டுக்கு யார் பொறுப்பு என்று முன்பு கெடாரில் போட்டுக் காட்டியபோது இந்த இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தவர்களை ராஜவேலு மறக்கவில்லை. இங்கே ஒருவர் எழுந்து, "எந்த லென்ஸ் பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டார்.

"கேமராவோட வந்தது" என்றான் ராஜவேலு. பின்வரிசையில் பவுனு மல்லாட்டையை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் ரீல் முடிந்தது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கையில் கொடுக்க மனம் இல்லாமல், முறை முடிந்ததும் கட்டைகளைப் பிடுங்காமல் மோட்டார் கொட்டகைப் பெட்டியிலேயே விட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். விளக்கைப் போட்டபோது ஒரு வாத்தியார், பிற நாட்டுப் படங்களில் இப்படி உண்டா என்று நீளமாகக் கேட்டார். உண்டோ இல்லையோ தனக்குத் தெரியாது, கெடாரில் உண்டு என்றான் ராஜவேலு. கெடார்க்காரர்கள் மட்டும் சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்று தேவநாதன் எழுந்து புரொஜெக்டர் அருகே வந்தார். அரங்கநாதனும் வந்தார். தேவநாதன் குரலில் கிண்டல் இல்லை.

"உண்மையைச் சொல்றேன் ராஜவேலு. அந்த வரப்பு மேல தம்பி நிக்கறது, அப்படி ஒரு காட்சியை நான் ரொம்ப நாளாப் பாக்கலை. உங்களுக்குக் கண்ணு இருக்கு. ஆனா இந்த விளக்கு வேலை செய்யலை. பாத்தீங்கல்ல, யாரும் பேசலை. உங்க ஊர்ல பேசினாங்கன்னா, அது அவங்க கிணறு, அவங்க மூஞ்சி. மெட்ராஸ்ல பேச மாட்டாங்க. மிச்சம் இருக்கற ரெண்டு ரீலையும் நிறுத்தாம ஓட்டுங்க. அந்த இடம் உங்களுக்கு. இது என் வார்த்தை."

"தம்பி" என்றார் அரங்கநாதன். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒட்டி வச்சது இதுக்குத்தான்போல இருக்கு. ஓட்டிடுங்க."

அவர் சொன்னதை ராஜவேலுவும் மூன்று ரீலாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"கெடார்ல மொத மொத நான் எடுத்தது வேற கதை சார்" என்றான். "தம்பிதான் கட்டையைத் திருடறான், நாலாவது ரீல்லயே அவன் மேல சந்தேகம் விழும். அப்படித்தான் எடுத்து முடிச்சேன். பள்ளிக்கூடச் சுவத்துல போட்டேன். நாலாவது ரீல் முடிஞ்சி விளக்கு போட்டதும் ஒரே ரகளை. தம்பி எடுக்க மாட்டான், நீ எங்களைத் திருடன்னு சொல்றியான்னு ஒரு பக்கம். அண்ணன்தான் எடுத்திருப்பான்னு இன்னொரு பக்கம். அப்ப ஒருத்தர் எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க, அதை இப்ப சொன்னா அஞ்சாவது ரீல் கெட்டுடும். அன்னிக்கு அஞ்சாவது ரீலைப் போடாமலே பெட்டியைக் கட்டிக்கினு வந்துட்டேன். அப்பறம் அந்தக் கேள்வியையே வச்சி மறுபடியும் எடுத்தேன். விளக்கு போட்டதாலதான் சார் எனக்குப் படம் கிடைச்சுது. அதை அணைச்சிட்டு எப்படி உங்க விழாவுக்கு வர்றது?"

"அது எடுத்த கதை. எடுத்து முடிச்சாச்சு. இனிமே விளக்கு எதுக்கு?"

அன்றைக்குக் கெடாரில் பவுனு எழுந்து, 'எடுத்தவன் ஆம்பளையாத்தான் இருக்கணும்னு எந்தக் கோர்ட்டுல எழுதியிருக்கு?' என்று கேட்டது ராஜவேலுவின் காதில் இன்னும் இருந்தது. மோட்டாரைப் போட்டான். நாலாம் ரீல் ஓடத் தொடங்கியது.

மோட்டார் கொட்டகை. விடிந்தும் விடியாத நேரம். தம்பி முறை. கரண்ட் வந்துவிட்டது என்று கம்பத்து விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அவன் கொல்லை வழியே ஓடிவருகிறான். ஃபியூஸ் பெட்டி மூடியிருக்கிறது. திறந்து பார்க்கவில்லை. உள்ளே மூன்று கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கின்றன. அதைக் கேமரா காட்டுகிறது, அவன் பார்க்கவில்லை. மோட்டார் பட்டனை அமுக்கிவிட்டுத் தண்ணீரைத் திருப்ப மடைக்கு ஓடுகிறான். கிணற்றிலிருந்து தண்ணீர் வரவில்லை. திரும்பிப் பார்க்கிறான். கொட்டகைக் கூரையின் இடுக்கிலிருந்து புகை.

ராஜவேலுவின் விரல் விளக்குச் சுவிட்சில் இருந்தது. தம்பி ஓடிவருகிறான். முகத்தில் கேமரா நிற்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம், விரலை எடுத்தால் போதும். அடுத்த நொடி பவுனின் இடுப்பு வந்துவிடும், மெட்ராஸ் வந்துவிடும். பக்கத்தில் அரங்கநாதன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தம்பியின் உதடு அசைகிறது. ஏதோ சொல்லப்போகிறான்.

அணைத்துவிட்டான்.

மோட்டாரை நிறுத்தினான். படத்தைக் கையால் கொஞ்சம் பின்னே சுற்றினான். "லைட்டுங்க" என்றான். லைட் வரவில்லை. அரங்கநாதன் அசையாமல் நின்றார். ராஜவேலுவே எழுந்து சுவரைத் தடவிப் போய் ட்யூப் லைட்டைப் போட்டான்.

மண்டபத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தேவநாதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"படம் நல்லா இருக்குன்னு எழுதுவேன். ஆனா இது படமா, கூட்டமான்னு தெரியலைன்னும் எழுதுவேன்."

"அப்படியே எழுதுங்க சார். ரெண்டும்தான்னு எழுதுங்க."

"இடம் குடுக்க முடியாது ராஜவேலு."

"தெரியும் சார்."

ராஜவேலு திரும்பி வந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. அவர் சொன்னதுதான் சரி. இது கெடார்க்காரர்களின் கிணறு, இங்கே எவனுக்கு என்ன?

அப்போது மூன்றாம் வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். பெரியசாமி, மின்வாரியத்தில் வயர்மேன். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். இதுவரை வாயைத் திறக்கவில்லை.

"சார், ஒரு டவுட்டு. ஒரு பீஸ் கட்டை இல்லாம ரெண்டு ஃபேஸ்ல போட்டா மோட்டாரு உறுமும். நல்லா உறுமும். அந்த உறுமலைக் கேட்டதும் எவனா இருந்தாலும் ஆஃப் பண்ணுவான். இவன் ஏன் பண்ணலை? உங்க படத்துலதான் சத்தமே கிடையாதே. உறுமுச்சா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ராஜவேலுவுக்கு முகம் சுட்டது. இப்படி ஒரு கேள்வி அவன் நினைத்துப் பார்த்த கேள்விகளில் இல்லை. மோட்டார் உறுமும் என்பதை அவன் யோசிக்கவே இல்லை. தப்பு என்று ஒப்புக்கொள்ள வாயெடுத்தான், வேறொன்று வந்தது.

"நீங்களே சொல்லுங்கண்ணே. உறுமியிருக்குமா?"

"கட்டாயம் உறுமியிருக்கும்."

"அவன் காதுல விழுந்திருக்குமா?"

பெரியசாமி யோசித்தார். "மடைக்கு ஓடிட்டான். தூரம்தான். ஆனாலும்..."

"விழுந்திருக்காதுய்யா" என்றார் வக்கீல் குமாஸ்தா. அவரும் இதுவரை பேசாதவர். "கரண்டு எப்ப போவுமோன்னு ஓடறவனுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. எங்க வீட்டுல பாத்திருக்கேன்."

"உங்க வீட்டுல பங்குக் கிணறா சார்?" என்று பெரியசாமி கேட்டார்.

"ஆமாய்யா. எங்கப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதால பேச்சே இல்லை."

"கேக்குதோ இல்லையோ, பெட்டியைத் தொறந்து பாக்காம போட்டது யார் தப்பு?" என்றார் பெரியசாமி. "மோட்டார் காயில் எரிஞ்சதுக்குத் தம்பிதான் பொறுப்பு. சட்டப்படி."

"சட்டப்படியா! கட்டையை உருவினவனை விட்டுட்டு மோட்டார் எரிஞ்சவனைப் பிடிக்கிறியே, நீ இ.பி. ஆளுன்றது சரியாத்தான் இருக்கு!" என்றார் குமாஸ்தா.

மண்டபம் சிரித்தது. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலிகள் திரும்பின. லென்ஸ் கேட்டவர் எழுந்து, அண்ணன்தான் எடுத்திருக்க வேண்டும், இரண்டாம் ரீலில் அவன் பார்த்த பார்வையே சரியில்லை என்றார். பார்வையை வைத்துத் திருடன் பட்டம் கட்டலாமா என்று வாத்தியார் கேட்டார். முதலில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தவன் அண்ணன், அவன் எப்படி எடுப்பான் என்று ரயில்வேக்காரர் ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்.

"அதுக்குத்தான்யா தொடச்சான்!" என்றார் பெரியசாமி. "தன் கைரேகை இருக்கக்கூடாதுன்னு!"

"போய்யா, பேஜாரு பண்ணிக்கினு. மொத ரீல்லயே திருட்டுக்கு ரெடியானானா?" என்றார் ரயில்வேக்காரர்.

தேவநாதன் வாசற்படியில் நின்றிருந்தார். ஒரு கால் வெளியே இருந்தது. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து இன்ஜின் சத்தம் வந்தது. அவர் போகவில்லை, வரவும் இல்லை. ராஜவேலு அவரைப் பார்த்ததும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ராஜவேலு போனான்.

"பெட்டிக்குள்ள ரெண்டு கட்டை காட்டினீங்கல்ல, அப்ப கொட்டகைக் கதவு சாத்தியிருந்துதா?"

"ஏன் சார்?"

"சாத்தியிருந்தா வெளியாள் இல்லை." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைக் குறைத்தார். "யாருப்பா எடுத்தது? சொல்லிடு. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு."

"அடுத்த ரீல்ல இருக்கு சார். உக்காந்து பாருங்க."

"விளையாடாத."

"விளையாடலை சார். நிறுத்தாம ஓட்டியிருந்தா இந்நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா கேட்டிருக்க மாட்டீங்க."

தேவநாதன் அவனை ஒரு கணம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். தெருமுனைவரை போனவர் ஒரு தடவை நின்று மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். மெட்ராஸ் போய்விட்டது. துக்கம் வரட்டும் என்று ராஜவேலு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் துக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அரங்கநாதன் இப்போது புரொஜெக்டர் பக்கத்தில் இல்லை. கூட்டத்தின் நடுவில், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் பேங்க்ல எத்தனை கிணத்துக் கடன் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று பெரியசாமியோடு மல்லுக்கு நின்றார்.

கெடார்க்காரர்கள் பின்வரிசையில் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதில் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. பவுனு மட்டும் எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணனாம், தம்பியாம்! ரெண்டு பேரையும் விட்டுட்டு, அந்த ஊர்ல வயர்மேன்னு ஒருத்தன் இருந்திருப்பானே, அவனைக் கேட்டீங்களாய்யா?"

"யம்மா, எங்களை எதுக்கு இழுக்கற?" என்றார் பெரியசாமி.

"பின்ன? கட்டையைப் பத்தி உனக்குத்தானே எல்லாம் தெரியுது!"

கைதட்டல் எழுந்தது. பெரியசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்து, உடனே மறுபடியும் எழுந்தார்.

ராஜவேலு சுருளைச் சரிபார்த்தான். ஒட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "போடலாமா சார்? நேரம் ஆவுது" என்று குரல் கொடுத்தான். யாரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். "அஞ்சாவது ரீல் போடறேன்."

"இருங்க சார்!" என்றார் வக்கீல் குமாஸ்தா கோபமாக. "பேசிக்கினு இருக்கோம்ல? ஜல்தி இன்னா உங்களுக்கு? மெதுவாப் போடுங்க."

ராஜவேலு சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். பவுனு நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மடியிலிருந்து ஒரு கை மல்லாட்டையை எடுத்து அவன் முன்னால் மேசைமேல் வைத்தாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

"போடாத தம்பி. இன்னும் ஒருத்தரும் என்கிட்ட வரலை."